ஷேர் ஆட்டோ ஆட்டம்

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது சொல்லி, நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

என் பெயர் அனுசுயா. நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டிய பால்வாடியில் பதினெட்டு வருஷமாக டீச்சர். ஆயா வேம்புலியம்மாள் சமையலைப் பார்த்துக்கொள்வாள். பாட்டு, கதை, எடை பார்ப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது, மூக்கு துடைப்பது எல்லாம் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

ரோட்டுக்குப் பின்னால் குடோன்கள் வந்த பிறகு, ஷீட் போட்ட லைன் வீடுகளில் ஒடிசாக்காரர்கள் குடியேறினார்கள். அதில் ஒருவர் குலமணி. நம் ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று நான் முதலில் நம்பவில்லை. அங்கேயும் அந்தப் பெயர் வைப்பார்களாம். அவருக்கு குடோனில் ராத்திரி ஷிப்டு. மனைவி பசந்திக்கு ஒரு பேக்கிங் கம்பெனியில் பகல் ஷிப்டு. அவர்களுடைய பெண் ஜில்லிக்கு நாலு வயசு. ஜூன் மாசம் கொண்டுவந்து விட்டார்கள்.

இரண்டு மாசம் அந்தப் பெண் வாயைத் திறக்கவே இல்லை. சுவரோரம் உட்காரும். சோறு போட்டால் தின்னும். பாய் போட்டால் படுக்கும். மற்றப் பிள்ளைகள் அதற்கு ஊமைப் பாப்பா என்று பெயர் வைத்துவிட்டன. தினம் பத்து வார்த்தை சொல்லிக்கொடுங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். நானும் பந்தைத் தூக்கிக் காட்டி, "பந்து, சொல்லு, பந்து" என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஜில்லி பந்தைப் பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். 'அது பந்து என்று எனக்குத் தெரியாதா?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

வழி காட்டியது தேவிப்பிரியாதான். அவள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற எத்திராஜின் மகள். ஒருநாள் பிளாஸ்டிக் ஸ்டூல்களை வரிசையாகப் போட்டு, முன் ஸ்டூலில் தான் உட்கார்ந்துகொண்டு, "பூந்தமல்லி, கரையான்சாவடி, குமணஞ்சாவடி, ஏறு ஏறு" என்று கூவினாள். ஜில்லியையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். திரும்பிப் பார்த்து, "எங்க போணும்?" என்று அதட்டினாள். ஜில்லி சொன்னது: "பூந்தமல்லி."

தட்டு கழுவிக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் ஓடிவந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பேசத் தெரியாமல் இல்லை, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற வெட்கம்தான் அந்தப் பெண்ணின் வாயைக் கட்டியிருந்தது. ஆட்டோவில் ஏறிய பிறகு அவள் ஜில்லி இல்லை, யாரோ ஒரு பாசஞ்சர். பாசஞ்சர் தப்பாகப் பேசினால் ஜில்லிக்கு என்ன வெட்கம்?

அதையே சட்டமாக்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் நீ நீ இல்லை. கூடை எடுத்துக்கொண்டால் தக்காளிக்காரம்மா, பழைய ஹேண்ட்பேக் மாட்டினால் நர்ஸ். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தேவிப்பிரியா தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தாள். ஆட்டோவில் யாருக்கும் யாரும் சொந்தம் இல்லை. இரண்டு பேர் அக்கா தங்கச்சி என்று சொல்லி ஒரே டிக்கெட்டில் ஏறிவிட்டார்களாம், அதனால் இந்த ஏற்பாடு. டிரைவர் வரிசையாகக் கேட்பாள். எங்க போணும்? கூட யாரு? பக்கத்துல கீறது யாரு? பாசஞ்சர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "யாருமில்ல, ஓராள்தான். பக்கத்துல யாருன்னு தெரியாது" என்று சொல்ல வேண்டும். சிரிப்பை அடக்க முடியாமல் பிள்ளைகள் அந்த இடத்தில் உருண்டு புரளும். நல்ல வசனம் என்று நானும் அதையே தினம் சொல்ல வைத்தேன். வாக்கியம் வாக்கியமாக வரவேண்டும் என்பதுதானே எனக்கு வேண்டியது.

நாலே மாசம். ஜில்லி தேவிப்பிரியா மாதிரியே பேசியது. "இன்னா டீச்சர், இன்னிக்கி முட்ட கெடையாதா?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்கும். நான் அதை வீடியோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒடியாக்காரப் பொண்ணுன்னு சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டேன். யாரும் நம்பவில்லை. அதுதான் என் வெற்றி என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் பேச்சு. வடக்கேயிருந்து பத்துப் பேர் இறங்கியிருக்கிறார்களாம், மருந்து கொடுத்துப் பிள்ளைகளைத் தூக்குகிறார்களாம் என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசிய வாய்ஸ் போனுக்கு போன் தாவியது. வியாழக்கிழமை காலை என் தங்கச்சி எனக்கு அனுப்பினாள். நான் அதை பால்வாடித் தாய்மார் குரூப்பில் போட்டு, கவனமாக இருங்கள் என்று கீழே எழுதினேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு குலமணி வந்தார். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காத கண், சிவந்துபோய் இருந்தது. ஜில்லிக்கு ஆதார் எடுக்க வேண்டும் என்று ஒரு மாசமாக நான்தான் அவரை விரட்டிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லியில் எடுக்கிறார்கள் என்று அன்று அழைத்துப்போக வந்திருந்தார். போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் ஜில்லிக்குத் தலை பின்னி, வேம்புலியம்மாள் வைத்திருந்த மல்லிப்பூவைக் கிள்ளி வைத்து, மை தொட்டுப் பொட்டும் இட்டேன்.

"நம்மூட்டுப் பொண்ணு மாதிரியே கீது பாரு" என்றாள் வேம்புலியம்மாள்.

"சரி டீச்சர்" என்றார் குலமணி. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். வணக்கம் டீச்சர், சரி டீச்சர், நாளைக்கு டீச்சர். மற்றதையெல்லாம் மகள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்கள்.

மூன்று மணி இருக்கும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நான் ரிஜிஸ்டரில் எடை எழுதிக்கொண்டிருந்தேன். போன் விடாமல் துடித்தது. குரூப்பைத் திறந்தால், எத்திராஜின் மனைவி போட்டிருந்தாள்: நம்ம பைபாஸ் டீக்கடையாண்ட புள்ள புடிக்கிறவன் மாட்டிக்கினான், எங்க ஊட்டுக்காரர்தான் புடிச்சார். கீழே ஒரு போட்டோ. பஸ் ஸ்டாப்பு இரும்புக் கம்பத்தில் ஒரு ஆளைக் கட்டியிருந்தார்கள். வாயிலிருந்து ரத்தம். ஓரத்தில் யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில், தலையில் மல்லிப்பூவோடு ஒரு பிள்ளை. நான் வைத்த பூ.

 ரிஜிஸ்டர் கீழே விழுந்த சத்தத்தில் இரண்டு பிள்ளைகள் எழுந்து அழுதன. "பிள்ளைங்களைப் பாத்துக்கோ" என்று வேம்புலியம்மாளிடம் கத்திவிட்டு ஓடினேன்.

பால்வாடியிலிருந்து அந்த இடம் அரை கிலோமீட்டர் இருக்கும். நாற்பத்தாறு வயசில், முட்டி வலியோடு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டே நூறுக்குப் போன் போட்டேன். இடத்தைச் சொல்லுங்க, அனுப்புறோம் என்றார்கள். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. நாம் போவதற்குள் அடித்தே கொன்றுவிட்டால்? மற்ற ஊரில் நடந்ததையெல்லாம் டிவியில் பார்த்திருக்கிறேன். கல் எறிந்தவன் யார், கட்டையால் அடித்தவன் யார் என்று கடைசியில் யாருக்கும் தெரியாது. செத்தவன் மட்டும் யாரென்று தெரியும்.

நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பைக்குகள் நின்று நின்று கூட்டம் பெருத்துக்கொண்டே போனது. பாதிக் கைகளில் போன், படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குலமணியின் கைகளைப் பின்னால் இழுத்து ஒரு துண்டால் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. சட்டைப் பித்தான் ஒன்றுகூட இல்லை. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றைக் காணோம். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன் கையில் சென்ட்ரிங் கட்டை வைத்திருந்தான். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாததாலோ என்னவோ, அவனைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஜூஸ் கடை வாசலில் ஒரு பெண் ஜில்லியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜில்லி அழவில்லை. கையில் யாரோ கொடுத்த பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது.

"டீச்சரக்கா! வா வா" என்று எத்திராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வேர்த்துப்போய், ஜெயித்த முகத்தோடு இருந்தான். "நீ காலைல அன்ப்பினியே, அதே கேஸ்தான். நீ அன்ப்பலன்னா நான் உஷாராகியே இருக்கமாட்டேன்."

 "இன்னாடா நடந்துச்சி?" என்றேன்.

"என் வண்டியிலதான் ஏறுனான். கொயந்த ஷோக்கா நம்ம பேச்சு பேசுது. இவன் ஒண்ணும் பேசல, முயிச்சிகினு கீறான். எனக்கு டவுட்டாயிச்சி. எங்க போணும் பாப்பான்னேன், பூந்தமல்லின்னுச்சி. கூட யாருன்னேன். யாருமில்ல, ஓராள்தான்னுச்சி. பக்கத்துல கீறது யாருன்னேன். தெரியாதுன்னுச்சி கா! அதுவும் சிரிச்சிகினே சொல்லுச்சி. மருந்து குட்த்துக்கீறான், அதான் அப்டி சிரிக்குது. வண்டிய ஓரங்கட்டி சட்டையப் புட்ச்சிட்டேன்."

நான் சொல்லிக்கொடுத்த வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. நிஜ ஷேர் ஆட்டோவில், நிஜ டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டதும், ஜில்லி தன் பாடத்தை ஒழுங்காக ஒப்பித்திருக்கிறது. தினம் அதற்குக் கைதட்டியது நான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்று சிரித்துச் சொல்வார்கள். சிரிக்கிற நிலைமையா இது?

"டேய், அது அவரு பொண்ணுடா! என் பால்வாடிப் பொண்ணு. நான்தான்டா இப்ப அனுப்பிவெச்சேன். அந்த வசனம் நாங்க வெளையாடுற ஆட்டம்டா!" என்று கத்தினேன்.

எத்திராஜ் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "இன்னாக்கா சொல்ற? பெத்தவனுக்கு, புள்ள பேசுற பேச்சு தெரியாதா? இவனுக்கு ஒரு வார்த்த தமிய் வரல. அது எங்க ஊட்டு பொண்ணு மாதிரி பேசுது. பேரு இன்னாடான்னா குலமணியாம்! நம்ம பேர வெச்சி டபாய்க்கிறான்."

"காகிதம் வெச்சிருப்பாரு, பாருடா."

"பாத்தோம். புரியாத எழுத்துல ஏதோ சீட்டு. அதுல போட்டோ கீட்டோ ஒண்ணும் இல்ல."

அவன் கேட்டது நியாயமான கேள்வி மாதிரியே இருந்தது. அதுதான் சிக்கல். முரடன் அடிக்கிறான் என்றால் திட்டலாம், தடுக்கலாம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று மனசார நம்புகிற ஐம்பது பேரிடம் எதைச் சொல்வது? பசந்திக்குப் போன் போட்டேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மணி அடித்து அடித்து நின்றது.

நான் குலமணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "காலைல நான் அனுப்பினது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியாது. யோசிக்காம அனுப்பிட்டேன். தப்பு என் மேலதான், இவரு மேல இல்ல" என்றேன்.  பாதிப் பேர் காதில் விழவில்லை.

ஹெல்மெட்டுக்காரன் கட்டையை என் பக்கம் நீட்டினான். "காலைல ஒண்ணு சொல்ற, இப்ப ஒண்ணு சொல்ற. நீ யாரு? ஒனக்கும் இதுல பங்கு கீதா?"

"பால்வாடிலேந்தே புள்ளைங்கள அனுப்புறாங்களோ இன்னாவோ" என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. யாரும் அவளை அதட்டவில்லை. ஒரு செல்போன் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. பதினெட்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்தவள் நான். ஊர் வாய்க்கு உலைமூடியா போட முடியும்? அந்த நிமிஷம் அங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன், கால் ஒரு அடி பின்னால் போய்விட்டது. முதுகு குலமணியின் நெஞ்சில் இடித்தது. அவர் உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் நான் நின்றேன்.

"பொண்ணக் கேளுங்க" என்றேன். "பொண்ணு சொன்னா நம்புவீங்க இல்ல?"

ஜூஸ் கடை வாசலில் போய் மண்டியிட்டேன். கூட்டம் கூடவே வந்து சூழ்ந்தது. "ஜில்லி, ஆட்டம் முடிஞ்சிச்சிமா. நீ பாசஞ்சர் இல்ல, நீ ஜில்லி. சொல்லு கண்ணு, அவரு யாரு?"

ஜில்லி என்னைப் பார்த்தது. ஜூன் மாசத்துப் பார்வை அது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த ஊமைப் பாப்பா. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு மாசத் தமிழும் பயத்தில் எங்கோ ஓடிவிட்டது. நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். கெஞ்சினேன். "அப்பான்னு சொல்லும்மா, ஒரு தடவ சொல்லு." பேச்சில்லை.

"பாத்தியா? அது வாய்ல வருதா பாத்தியா?" என்றான் ஹெல்மெட்டுக்காரன். பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்து கம்பத்தில் பட்டு டங்கென்று தெறித்தது. அடுத்த கல் கம்பத்தில் படாது என்று எனக்குத் தெரிந்தது.

இந்தப் பிள்ளை பயந்தால் எந்த மொழியில் அழும்? அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தண்ணீருக்கு என்ன, அம்மாவுக்கு என்ன, வா என்பதற்கு என்ன, எதையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி குலமணியைப் பார்த்துக் கத்தினேன். "பேசு! உன் பேச்சுல பேசு! அவளக் கூப்புடு!"

நான் கை காட்டிய விதத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தலையை வேகமாக ஆட்டினார். வாயைத் திறந்தபோதெல்லாம் அடி விழுந்திருக்கிறது. இந்தி பேசுகிறான், ஏதோ சொல்லி மிரட்டுகிறான் என்று அடித்திருக்கிறார்கள். கட்டையைப் பார்த்துக்கொண்டே உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

நான் எத்திராஜின் சட்டையைப் பிடித்தேன். "உன் பொண்ணு தேவிப்பிரியா பக்கத்துல குந்திகினு தினம் சோறு துன்ற பொண்ணுடா இது. அந்த வசனத்த இதுக்குச் சொல்லிக் குடுத்ததே உன் பொண்ணுதான். ஊட்டுக்குப் போயி அவளக் கேளு. இந்த ஆளு செத்துட்டா அப்பறம் அவ மூஞ்சியில எப்பிடிடா முழிப்ப?"

எத்திராஜின் முகம் மாறியது. வீட்டில் மகள் ஸ்டூலில் உட்கார்ந்து அதே வசனத்தைக் கூவியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். போய் ஹெல்மெட்டுக்காரனின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "இரு நைனா, ஒரு நிமிட்டு இரு. அவன் பேசட்டும்" என்றான். குரலில் பழைய தெம்பு இல்லை.

குலமணி பேசினார். கரகரத்த குரலில் மூன்று நாலு வார்த்தைதான் இருக்கும். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஜில்லி வெடித்தது. அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு, கால்களுக்கிடையே புகுந்து ஓடி, அப்பாவின் முட்டியைக் கட்டிக்கொண்டது. அழுதுகொண்டே பேசியது. கொட்டித் தீர்த்தது. எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியாத அந்த மொழியில், மூச்சு விடாமல், அவரை முட்டியில் குத்திக் குத்தித் திட்டியது. அவர் கட்டிய கையோடு முடிந்தவரை குனிந்து, மகள் தலையில் தாடையை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். மல்லிப்பூவில் ரத்தம் பட்டது.

 யாரும் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிர் தப்பியது என்ற நிம்மதி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். எவ்வளவு பெரிய குரல் அந்தப் பிள்ளைக்கு! எவ்வளவு அதிகாரம்! இவளையா இரண்டு மாசம் ஊமைப் பாப்பா என்று கூப்பிட விட்டேன்? வீட்டில் இவள் வாயாடியாக இருந்திருக்கிறாள். இத்தனை மாசத்தில் ஒருநாள்கூட, உங்க ஊர்ப் பாட்டு ஒன்று பாடு என்று நான் கேட்டதில்லை.

எத்திராஜ்தான் குலமணியை அவிழ்த்துவிட்டான். அவன் துண்டுதான் அது. முடிச்சு இறுகிப்போய் வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். அதற்குள் கூட்டம் கரைந்தது. கும்பலோடு கோவிந்தா போட்டவர்கள் ஒவ்வொருவராக பைக்கை உதைத்துக் கிளம்பினார்கள். ஹெல்மெட்டுக்காரன் எப்போது போனான் என்று தெரியவில்லை. அவன் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. இன்று என் எதிரில் வந்து வணக்கம் டீச்சர் என்று சொன்னாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

போலீஸ் வண்டி வந்தது. கேஸ் கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். நான் கொடுக்கச் சொன்னேன். குலமணி கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். எத்திராஜ் ஒரு சோடா வாங்கி வந்து அவர் கையில் திணித்தான். "தப்பா நென்ச்சிக்காத அண்ணாத்தே. புள்ளைங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

குலமணி அவனைப் பார்த்து, "சரி டீச்சர்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே குரூப்பில் எழுதினேன். நான் அனுப்பிய வாய்ஸ் பொய், யாருக்கும் அனுப்பாதீர்கள், அந்த மனுஷன் நம் ஜில்லியின் அப்பா என்று. மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். போட்டோவை மட்டும் யாரும் அழிக்கவில்லை. எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் நடந்தது என்று எனக்கே திரும்பி வந்தது. நடுவில் ஒருநாள் லைன் வீட்டுக்குப் போனேன். பசந்தி கதவை ஒரு கை அகலம் திறந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுச் சாத்திக்கொண்டாள். என் மேல் கோபமா, பயமா என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று நினைத்தபடி திரும்பினேன். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் இல்லை. ஜில்லியை அழைத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அது நடந்தால் பரவாயில்லை. போகிற வழியில், வேறு ஏதோ ஒரு ரயிலில், வேறு ஒருவன் அந்தப் பெண்ணைப் பார்த்து, பக்கத்துல யாரு பாப்பா என்று கேட்டால்? அந்த நினைப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஸ்டூல்களை அடுக்கி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினேன். "டீச்சர், ஆட்டோ எங்க?" என்று தேவிப்பிரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். வண்டி ரிப்பேர் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, காலை ஒன்பது மணிக்கு வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தேன். ஜில்லி வந்துகொண்டிருந்தது. தனியாக. சர்வீஸ் ரோட்டோரம், லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், கையில் தட்டுப் பையோடு, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஒரு நாலு வயசுப் பெண் தனியாக நடந்து வந்தது.  டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

"தனியாவாடி வந்த? உங்கப்பா எங்கடி?"

"தனியா இல்ல டீச்சர். பாபா பின்னால வராரு." என் காதில் ரகசியமாகச் சொன்னது. "ரோட்ல அவர எனக்குத் தெரியாது. பேசக் கூடாது, கையப் புடிக்கக் கூடாது. திரும்பிப் பாத்தா அவுட்டு. பாபா சொல்லிக் குட்த்த ஆட்டம் டீச்சர். நான் ஒரு தபா கூட திரும்பல!"

நிமிர்ந்து பார்த்தேன். இருபது முப்பது அடி தள்ளி, பஞ்சர் கடையோரம் குலமணி நின்றிருந்தார். போனைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார். ஒரு லாரி எங்கள் பக்கம் ஒதுங்கியபோது மட்டும் அவர் உடம்பு முழுவதும் ஒரு தடவை தூக்கிப் போட்டது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியவில்லை. ஜில்லியின் கையைப் பிடித்துத் தரதரவென்று அவரிடம் அழைத்துப் போனேன். டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஸ்டாண்டில் எத்திராஜின் வண்டி நின்றது. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் போனேன். குலமணியின் கையை எடுத்து, மகளின் கையை அதற்குள் வைத்தேன். "புடிங்க. உங்க பொண்ணு. புடிச்சிகினு நடங்க, எவன் கேக்கிறான்னு பாக்கலாம்" என்றேன்.

அவர் கை வேர்த்திருந்தது. விரல்கள் மூடவில்லை. முதலில் டீக்கடையைப் பார்த்தார். பிறகு ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மகளுக்கு வலிக்காமல், தன் கையை உருவி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

ஜில்லி காலை உதறிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"போ டீச்சர்! நான் நல்லா ஆடிகினு வந்தேன். நீதான் ஆட்டத்த கெட்த்துட்ட."